பூட்டுக் கடையின் சாவி யாரிடம்?

நாமக்கல்லில் ஒரு லாரி அலுவலகத்தை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். சரக்கு ஏற்றிய வண்டி கிளம்புமுன் கணக்கர் கணிப்பொறியில் இ-வே பில் எடுக்கிறார். 2018 ஏப்ரல் முதல், மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்குப் பொதுவாக இது வேண்டும். அதற்குரிய கடவுச்சொல் கணக்கருக்குத் தெரியும், முதலாளிக்குத் தெரியும், சென்ற ஆண்டு வேலையை விட்டுப் போன பையனுக்கும் தெரியும். லாரிச் சாவியைத் திருப்பி வாங்கிவிடலாம். கடவுச்சொல்லைத் திருப்பி வாங்க முடியுமா?

சிறிய அலுவலகத்துக்கே இத்தொல்லை என்றால், பல்லாயிரம் பேர் வேலை செய்யும் வங்கிக்கு எப்படி இருக்கும்? யார் உள்ளே வரலாம், எந்த அறை வரை போகலாம், எவ்வளவு நேரம் இருக்கலாம் என்பதைக் கண்காணிப்பதே அடையாளப் பாதுகாப்பு மென்பொருள்.

இந்தச் சந்தையில் போட்டி கடுமை. 2009இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆக்டா, 'எல்லா மென்பொருளுக்கும் ஒரே வாசல்' என்று விற்றது. 1999இல் இஸ்ரேலில் தோன்றிய சைபர்ஆர்க், நிர்வாகிகளின் தலைமைச் சாவிகளுக்குப் பெட்டகம் செய்தது. மைக்ரோசாஃப்ட் தன் மற்றச் சரக்குகளோடு சேர்த்தே தருகிறது. நம் தமிழகத்தின் சோஹோ, மேனேஜ்எஞ்சின் என்ற பெயரில் கட்டுப்படியாகும் விலையை முன்வைக்கிறது.

போட்டியாளரை ஆராய்பவர்கள் வசதிகளையும் விலையையும் கட்டம் போட்டு ஒப்பிடுவார்கள். ஆனால் முக்கியமான ஒன்று அந்தக் கட்டங்களில் அகப்படுவதில்லை.

திரையரங்கில் இடைவேளைக்கு வெளியே வருபவருக்கு ஒரு பாஸ் தருவார்கள் அல்லவா? கடவுச்சொல்லைச் சரிபார்த்தபின் கணிப்பொறியும் அத்தகைய அனுமதிச் சீட்டு ஒன்றைத் தருகிறது. அது கையில் இருந்தால் மறுபடி கடவுச்சொல் கேட்பதில்லை. வாடிக்கையாளர்கள் பழுது பார்ப்பதற்காக ஆக்டாவுக்கு அனுப்பிய கோப்புகள் சிலவற்றில் இச்சீட்டுகள் இருந்தன. 2023இல் திருடர்கள் அவற்றை எடுத்தனர். அக்டோபர் 2ஆம் நாள் எச்சரித்தது யார் தெரியுமா? ஆக்டாவின் வாடிக்கையாளரும், இதே துறையில் கடை வைத்திருப்பதுமான பியாண்ட்டிரஸ்ட்! ஆக்டா ஊரறியச் சொன்னது அக்டோபர் 20இல்.

பியாண்ட்டிரஸ்ட் மார்தட்டிக்கொள்ளவும் வழியில்லை. அதனிடமிருந்து திருடிய சாவியைக் கொண்டு அமெரிக்க நிதித் துறைக்குள் நுழைந்தது 2024 டிசம்பரில் வெளியாயிற்று. மேனேஜ்எஞ்சின் மென்பொருள் ஒன்றில் இருந்த ஓட்டையைப் பற்றி 2021 செப்டம்பரில் அமெரிக்கப் புலனாய்வுத் துறை எச்சரித்தது. அதற்குச் சில நாள் முன்பே நிறுவனம் திருத்தம் வெளியிட்டிருந்தது.

காரணம் எளிது. ஒரு வீட்டை உடைத்தால் ஒரு வீட்டுப் பொருள்தான் கிடைக்கும். ஆயிரம் வீட்டுச் சாவியும் தொங்கும் கடையை உடைத்தால்? எனவே 'எங்கள் பூட்டு உடையாது' என்ற விளம்பரத்தை நம்பி வாங்குவதற்கில்லை. கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: ஒரு சாவி திருட்டுப் போனால் எத்தனை கதவு திறக்கும்? அந்தச் சாவி எவ்வளவு நேரத்தில் செல்லாததாகும்? திருட்டை எத்தனை நாளில் எங்களுக்குச் சொல்வீர்கள்?

நாமக்கல் முதலாளிக்கும் இதே பாடம்தான். ஆளுக்கொரு தனிக் கணக்கு, வேலைக்கு வேண்டிய அளவே உரிமை, ஆள் விலகும் அன்றே கணக்கை மூடுதல். இவற்றை இன்றே தொடங்கலாம். இதற்குப் பெரிய மென்பொருள் எதுவும் தேவையில்லை.