கூண்டில் ஏறிய கிளி!

கொலை வழக்கு என்றால் கோர்ட்டு வாசலில் கூட்டம் கூடிவிடும். அந்தக் கூட்டத்தில் நின்றுகொண்டு, "நானாக இருந்தால் இந்தச் சாட்சியை இப்படி மடக்கியிருப்பேன்" என்று சொல்லாதவர் யார்? அந்த ஆசையைத் தீர்த்துவைக்கும் வீடியோ விளையாட்டு ஒன்று உண்டு.

ஜப்பானில் காப்காம் கம்பெனி 2001-ம் ஆண்டு அக்டோபரில் 'கியாகுதென் சைபான்' என்ற பெயரில் இதை வெளியிட்டது. கதை எழுதி இயக்கியவர் ஷூ தகுமி. கையடக்கமான 'கேம் பாய் அட்வான்ஸ்' கருவிக்காகச் செய்தது. 2005-ல் ஆங்கிலத்தில் 'பீனிக்ஸ் ரைட்: ஏஸ் அட்டர்னி' ஆயிற்று. முதலில் நான்கு வழக்குகள்; பிறகு ஒன்று கூடி ஐந்தாயிற்று.

ஆடுபவர்தான் வக்கீல். அதுவும் அனுபவமில்லாத இளம் வக்கீல்! முதல் வழக்கிலேயே கட்சிக்காரன் அவருடைய பால்ய சிநேகிதன். காதலியைக் கொன்றதாகக் குற்றச்சாட்டு.

சாட்சி ஒருவர் கூண்டேறி, "பிணத்தைக் கண்டபோது மணி ஒன்று" என்கிறார். பிரேத பரிசோதனையோ நாலு மணிக்குப் பிறகே சாவு என்கிறது. மடக்கினால், "டெலிவிஷனில் மணி கேட்டேன்" என்கிறார். அந்நேரம் அங்கே மின்சாரமே இல்லை! உடனே, "கடிகாரத்தைப் பார்த்தேன்" என்று பல்டி அடிக்கிறார். கடிகாரம் எது? கொலைக்குப் பயன்பட்ட பொம்மைதான். பார்வைக்குச் சிலை, கழுத்தைச் சாய்த்தால் வாய்விட்டு மணி சொல்லும். வீட்டுக்குள் காலே வைக்கவில்லை என்றவருக்கு அது கடிகாரம் என்று எப்படித் தெரிந்தது? அந்தக் கடிகாரமும் மூன்று மணி நேரம் பின்தங்கி ஓடியது. நாலு மணி ஒரு மணியான மர்மம் அவிழ்கிறதல்லவா?

பொய்யான வாக்கியத்தைப் பிடித்து, அதற்குரிய ஆதாரத்தை நீட்டினால், "ஆட்சேபணை!" என்ற முழக்கம் எழுகிறது. 2005-ல் வந்த பதிப்பில் கருவியின் ஒலிவாங்கியில் நாமே கத்தலாம். (பக்கத்து அறையில் தூங்குபவர்கள் கவனிக்க!) தவறான ஆதாரத்தை ஐந்து முறை நீட்டினால் கட்சிக்காரன் குற்றவாளி என்று தீர்ப்பு.

எங்கே சறுக்குகிறது?

உண்மை நமக்கு முன்கூட்டியே விளங்கிவிட்டாலும் பயனில்லை. ஆசிரியர் நினைத்த அதே வாக்கியத்தில், அவர் நினைத்த அதே பொருளைத்தான் காட்ட வேண்டும். சரியான யோசனைக்கே தண்டனை கிடைக்கும்போது எரிச்சல் வருகிறது. துப்புத் துலக்கும் பகுதியில், யாரிடம் எதைக் கேட்க மறந்தோம் என்று இடம் இடமாக அலைய வேண்டியிருக்கிறது. ஒருமுறை ஆடி முடித்தால் மர்மமும் தீர்ந்துவிடும்.

சட்டம் படித்தவர்கள் சிரிப்பார்கள். கொலை வழக்கு மூன்றே நாளில் முடிகிறது. ஆவியுடன் பேசும் பெண் உதவிக்கு வருகிறாள். நாலாவது வழக்கில் ஒரு கிளியையே கூண்டேற்றிக் குறுக்கு விசாரணை செய்கிறார் நம் வக்கீல்!

ஆனால் ஒரு விஷயத்தில் சிரிக்க முடியாது. இந்தக் கோர்ட்டில் குற்றமற்றவன் என்று காட்டினால் போதாது. உண்மைக் கொலைகாரனையும் வக்கீலே பிடித்துக்கொடுக்க வேண்டும். சந்தேகத்தின் பலன் எதிரிக்கு என்ற பேச்சே இல்லை. ஜப்பானில் விசாரணைக்கு வரும் குற்ற வழக்குகளில் நூற்றுக்கு 99-க்கு மேல் தண்டனையில் முடிவதை அறிந்தவர்களுக்கு இந்தக் கேலி சுருக்கென்று தைக்கும். பொதுமக்கள் நீதிபதிகளுடன் அமர்ந்து தீர்ப்புச் சொல்லும் இன்றைய முறை அங்கே 2009-ல்தான் தொடங்கியது. எல்லோரும் கைவிட்ட ஒருவன் பக்கம் தனியாக நிற்கும்போது நமக்கே நெஞ்சு படபடக்கிறது. இதற்காகவே அலைச்சலையும் எரிச்சலையும் பொறுத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி.

முதல் மூன்று விளையாட்டுகளையும் சேர்த்து 2019-ல் கம்ப்யூட்டருக்கும் வெளியிட்டார்கள். முதல் வழக்கு சீக்கிரம் முடிந்துவிடும். நாலாவதைத் தொடங்குகிறவர்கள் மட்டும் இரவுச் சாப்பாட்டை முன்னதாகவே முடித்துக்கொள்வது நல்லது!