ஏ.சி. போட்டால் வண்டி ஏன் உதறுகிறது?

குற்றாலத்தில் சீசன் களைகட்டிவிட்டால் மதுரைப் பக்கத்துக் கார்கள் திருமங்கலம் – கொல்லம் நெடுஞ்சாலையில் வரிசை கட்டும். அந்தச் சாலையில் ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும் சுமார் 11 கிலோமீட்டர் இடைவெளியில் அடுத்தடுத்து வரும். ஊருக்கு வெளியே சுகமாக ஓடிவந்த வண்டி, ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் நெரிசலில் நின்றதும் நடுங்கத் தொடங்கும். ஆடிப்பூரத் தேரோட்டத்தை ஒட்டி ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் ஊர்ந்து போகும்போதும் இதே கதைதான். ஸ்டியரிங் அதிரும், டேஷ்போர்டு கடகடக்கும், சில வண்டிகள் அப்படியே ஆஃப் ஆகிவிடும். ஏ.சி.யை அணைத்தால் எல்லாம் அடங்கிவிடும்.

“ஏ.சி. போட்டா வண்டி உதறுதுண்ணே” என்று மெக்கானிக்கிடம் சொன்னால் முதல் சந்தேகம் கம்ப்ரஸர் மேல் விழுகிறது. ஆயிரக்கணக்கில் செலவழித்து அதை மாற்றிய பிறகும் உதறல் நிற்காமல் தவிப்பவர்கள் உண்டு. பெரும்பாலான வண்டிகளில் கோளாறு இன்ஜினில் ஏற்கெனவே இருக்கிறது. ஏ.சி.யின் சுமை அதை வெளியே காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான்.

சுமை எங்கிருந்து வருகிறது?

நியூட்ரலில் நிற்கும் பெட்ரோல் கார் இன்ஜின் நிமிடத்துக்கு 700 முதல் 900 சுற்று வரை சுற்றும்; இதுதான் ஐடிலிங். அப்போது அது உண்டாக்கும் சக்தி, தன் உராய்வைச் சமாளித்துத் தன்னைத்தானே ஓட்டிக்கொள்ளவே சரியாக இருக்கும். ஏ.சி. பொத்தானை அழுத்தியதும் கம்ப்ரஸரின் காந்தக் கிளட்ச் ‘டக்’கென்று பிடிக்கிறது. சில குதிரைத்திறன் சுமை பெல்ட் வழியாக இன்ஜின் மேல் ஏறுகிறது. கூடவே ரேடியேட்டர் ஃபேனும் உள்ளே காற்றடிக்கும் புளோயரும் மின்சாரம் கேட்பதால், ஆல்டர்நேட்டரும் தன் பங்குக்கு இன்ஜினை இழுக்கிறது.

சின்னக் கார்களில் இது இன்னும் நன்றாகத் தெரியும். மாருதி 800, ஆல்டோ போன்றவற்றில் மூன்று சிலிண்டர்கள்தான். நிமிடத்துக்கு 800 சுற்றில் மூன்று சிலிண்டர் இன்ஜின் நொடிக்கு 20 முறை எரிபொருளை எரிக்கிறது. நான்கு சிலிண்டர் என்றால் 27 முறை. இருபதில் ஒன்றிரண்டு சரியாக எரியாவிட்டாலும் உட்கார்ந்திருப்பவரின் முதுகுக்குத் தெரிந்துவிடும்.

சுமை மாறினாலும் வேகம் மாறக் கூடாது என்பது நூற்பாலை ஊரான ராஜபாளையத்துக்குப் பழக்கமான பாடம். வேகம் தடுமாறினால் நூல் அறும். நீராவி இன்ஜினுக்காக ஜேம்ஸ் வாட் 1788-இல் பொருத்திய கவர்னர், சுற்றும் இரண்டு குண்டுகளைக் கொண்டு இந்த வேலையைச் செய்தது: வேகம் குறைந்தால் நீராவியைத் திறந்துவிடும், கூடினால் மூடும். காரில் அதே வேலையை இன்று இ.சி.யு. என்ற சிறு கணினி பார்க்கிறது. ஏ.சி. பொத்தானை அழுத்தியதும் தகவல் அதற்குப் போகிறது. அது முதலில் இன்ஜினுக்குக் கூடுதல் காற்றும் பெட்ரோலும் கொடுத்துத் தயார்படுத்திவிட்டு, பிறகுதான் கிளட்ச்சைப் பிடிக்க விடுகிறது. கார்பரேட்டர் கால மாருதிகளில் இதைச் செய்தது வாக்குவத்தால் இயங்கும் ஒரு சின்ன டயாஃப்ரம். அமெரிக்காவின் பேக்கார்டு நிறுவனம் 1939-இல் முதன்முதலாகக் காரில் ஏ.சி. வைத்தபோது இந்த கிளட்ச்சே கிடையாது. கம்ப்ரஸரை நிறுத்த வேண்டுமானால் இன்ஜினை அணைத்து, பானெட்டைத் திறந்து, பெல்ட்டைக் கழற்ற வேண்டும்.

காசு செலவில்லாத சோதனைகள்

இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு, வண்டியைத் திறந்தவெளியில் நிறுத்தி ஹேண்ட் பிரேக் போடுங்கள். மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிடவே கூடாது. கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, ஆளைக் கொன்றுவிடும்.

முதலில் ஏ.சி. இல்லாமல், இன்ஜின் சுற்றைக் காட்டும் ஆர்.பி.எம். முள்ளைப் பாருங்கள். அப்போதே முள் ஆடினால் ஏ.சி.யை மறந்துவிடலாம், பிளக், இக்னிஷன் காயில், ஏர் ஃபில்டர், இன்ஜெக்டர் என்று இன்ஜின் பக்கம் தேட வேண்டும். பானெட்டுக்குள் ‘உஸ்’ஸென்ற சத்தம் கேட்டால், வெடித்த ரப்பர் குழாய் வழியே காற்று கசிகிறது என்று பொருள்.

அடுத்து, ஏ.சி. பொத்தானைத் தொடாமல் ஹெட்லைட்டைப் போட்டு, புளோயரையும் முழு வேகத்தில் ஓடவிடுங்கள். இந்த மின்சுமைக்கே முள் விழுந்து வண்டி திணறினால், குறை ஐடிலிங் கட்டுப்பாட்டில் அல்லது ஆல்டர்நேட்டர், பேட்டரி பக்கம் இருக்கிறது. கம்ப்ரஸருக்கு இதில் பங்கே இல்லை.

மூன்றாவதாக ஏ.சி.யைப் போடுங்கள். முள் ஒரு கணம் தாழ்ந்து, பிறகு பழைய அளவுக்கோ சற்று மேலேயோ ஏறி நின்றால் கட்டுப்பாடு ஒழுங்காக இருக்கிறது. முள் அசையாமல் நிற்க, வண்டி மட்டும் அதிர்ந்தால் இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங் இறுகியிருக்கலாம் அல்லது கிழிந்திருக்கலாம். முள் விழுந்து எழாமல் தவித்தால் அடுத்துப் பார்க்க வேண்டியது த்ராட்டில் பாடி.

கரி படிந்த வாசல்

இன்ஜினுக்குள் காற்று போகும் வாசல்தான் த்ராட்டில் பாடி. ஏர் ஃபில்டர் குழாயைக் கழற்றினால் வட்டமான பித்தளைத் தகடு ஒன்று தெரியும். ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது அது கிட்டத்தட்ட மூடியே இருக்கும். விளிம்பில் உள்ள மயிரிழை இடைவெளியும் பக்கத்தில் உள்ள சிறு துளையும்தான் காற்றுக்கு வழி. நாள்பட ஓடிய வண்டியில் அந்த விளிம்பைச் சுற்றி எண்ணெய் ஆவியும் தூசும் சேர்ந்து கருப்பு வளையமாகப் படிந்திருக்கும். விரலால் தொட்டால் மை போல ஒட்டும். வண்டி வேகமாக ஓடும்போது தகடு நன்றாகத் திறப்பதால் அந்தக் கரி ஒரு பொருட்டே இல்லை. நிற்கும்போது மயிரிழை இடைவெளியையே அது அடைத்துவிடுகிறது. கூடுதல் காற்று வேண்டுமென்று இ.சி.யு. கேட்டாலும் வருவதற்கு வழியில்லை.

இதற்கென்றே விற்கும் கிளீனரைத் தெளித்து மென்மையான துணியால் துடைத்தாலே பல வண்டிகள் தேறிவிடும். கத்தி, உப்புத்தாள் எதுவும் படக் கூடாது. மோட்டாரால் இயங்கும் தகடு கொண்ட புதிய வண்டிகளில் அதைக் கையால் தள்ளித் திறக்காதீர்கள். சுத்தம் செய்தபின் ஐடிலிங் அளவை இ.சி.யு. மறுபடி கற்றுக்கொள்ள வேண்டும். சில வண்டிகளில் அதற்கு ஸ்கேனர் தேவைப்படும். பேட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகு திடீரென்று ஐடிலிங் கெடுவதும் இதே காரணத்தால்தான்.

ஏ.சி.யே காரணமாக இருப்பது எப்போது?

ஓடும்போது நன்றாக இருந்து, நின்ற சில நிமிடங்களில் உதறலும் கூடி, உள்ளே குளிர்ச்சியும் குறைந்தால் கண்டென்சரைச் சந்தேகியுங்கள். உள்ளிருந்து எடுத்த வெப்பத்தை வெளியே தள்ளும் பாகம் அது. ஓடும்போது எதிர்காற்று அதைக் குளிர்விக்கும். நிற்கும்போது ஃபேன் மட்டுமே கதி. ஃபேன் பழுதானாலோ, இடுக்குகளில் தூசி அடைத்தாலோ வாயுவின் அழுத்தம் ஏறும், கம்ப்ரஸரின் சுமையும் ஏறும். மில் வாசலிலும் பஞ்சு கிட்டங்கியிலும் நாளெல்லாம் நிற்கும் வண்டிகளில் கண்டென்சரை டார்ச் அடித்துப் பார்ப்பது நல்லது. மேலே தண்ணீர் தெளித்ததும் உதறல் தணிந்தால் காரணம் உறுதி. ஃபேன் மோட்டாரிலும் மின்இணைப்புகளிலும் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேஸை அளவுக்கு மேல் நிரப்பினாலும் இதே கதிதான். ஆர்134ஏ என்ற கேஸ் நிரப்பிய வண்டியில் 35 டிகிரி வெயிலில் உயர் அழுத்தப் பக்கம் சுமார் 200 முதல் 250 பி.எஸ்.ஐ. காட்டும். 300-ஐத் தாண்டினால் விசாரிக்க வேண்டும். “குளிர் பத்தலையா, கொஞ்சம் கேஸ் ஏத்திடலாம்” என்ற யோசனைக்கு, கேஜ் மாட்டிப் பார்க்காமல் தலையாட்டாதீர்கள். ஆர்134ஏ கார்பன் டை ஆக்ஸைடைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேல் புவியைச் சூடாக்கக் கூடியது. வீணாகத் திறந்துவிடுவது காசுக்கும் கேடு, காற்றுக்கும் கேடு.

இன்னொரு குறுக்கு வழி, ஐடிலிங்கைத் திருகிக் கூட்டிவைப்பது. உதறல் மறையும், நோய் மறையாது. சிக்னலுக்குச் சிக்னல் பெட்ரோல் மட்டும் கூடுதலாகப் போகும்.

அடுத்த முறை மெக்கானிக்கிடம் போகும்போது “உதறுது” என்று மட்டும் சொல்லாமல், எந்தச் சோதனையில் முள் விழுந்தது, நின்ற எத்தனை நிமிடத்தில் உதறல் தொடங்கியது என்று குறித்துக்கொண்டு போங்கள். ஃபேன், கரி, பிளக், மவுண்டிங் நான்கையும் பார்த்து முடிக்கும் வரை கம்ப்ரஸரை மாற்றச் சம்மதிக்காதீர்கள்.