புழு ஒளியும் முன் முட்டையிலேயே மடக்கலாம்

ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் பகுதியில் தொழிற்சாலைச் சுவர்களுக்கு அருகே, ஏரிப் பாசனத்தில் இன்னும் நெல் விளைகிறது. நவரையோ சொர்ணவாரியோ, நடவு முடிந்த ஒரு மாதத்தில் வெளுத்து மடிந்த இலைகள் சில தென்பட்டதும் பலர் மருந்துக் கடைக்கு ஓடுகிறார்கள். தெளித்த பிறகும் புழு சாகவில்லை என்று வருந்துகிறார்கள். புழு ஒளிந்துகொள்ளும் விதம் தெரிந்தால் இந்தச் செலவைக் குறைக்கலாம்.

புழுவுக்கு முதல் எதிரி ஒட்டுண்ணிக் குளவி. இது புழுவின் மீதோ அதன் முட்டைக்குள்ளோ தன் முட்டையை இட்டு அதை அழிக்கிறது. இதனிடமிருந்து தப்பப் பூச்சிகளுக்கும் வழிகள் உண்டு.

இலைச்சுருட்டுப்புழு, இலையின் இரு ஓரங்களையும் நூலால் இணைத்து, உள்ளே இருந்தபடி பச்சையத்தைச் சுரண்டும். புழுவைத் தேடும் குளவிகள் பல, எச்சத்தின் வாசனையையும் கடிபட்ட இலையின் வாசனையையும் பிடித்து வருபவை. ஆனால் புழு ஒரே மடிப்பில் தங்குவதில்லை, இலை மாறிவிடும். தொட்டால் துள்ளிக் கீழே விழும். மடிப்புக்குள் இருப்பதால் மருந்தும் அதன் மேல் சரியாகப் படுவதில்லை. வெளியே திரியும் குளவிதான் முதலில் சாகிறது.

தண்டுத்துளைப்பானின் தாய் அந்து, இலை நுனியில் முட்டைக் குவியலை இட்டுத் தன் வால் மயிரால் மூடிவிடும். பொரிந்த புழு தண்டுக்குள் நுழைந்துவிடும். இதற்கும் மாற்று உண்டு: டெலினோமஸ் குளவியில் ஒரு வகை, தாய் அந்தின் வால் மயிரில் தொற்றிச் சென்று, முட்டை மூடப்படும் முன்பே தன் முட்டையை இட்டுவிடுகிறது.

இரு பூச்சிகளையும் பிடிக்க ஏற்ற பருவம் முட்டைதான். இலைச்சுருட்டுப்புழுவின் முட்டை சில நாட்கள் இலை மேல் மறைவின்றி இருக்கும். டிரைக்கோகிரம்மா கைலோனிஸ் முட்டை ஒட்டுண்ணி அட்டையை, ஒரு முறைக்கு ஏக்கருக்கு 2 சிசி வீதம், நடவு செய்த 37, 44, 51ஆம் நாட்களில் கட்டுங்கள். தண்டுத்துளைப்பானுக்கு டிரைக்கோகிரம்மா ஜப்பானிக்கம் அட்டையை அதே அளவில் 30, 37ஆம் நாட்களில் கட்டுங்கள். மயிர் மூடிய குவியலின் அடி முட்டைகளை இந்தச் சிறு குளவி எளிதில் எட்டாது. எனவே நடும்போது நாற்றின் நுனியைக் கிள்ளிவிடுவதும் அவசியம். வயலில் சேகரித்த முட்டைக் குவியல்களை நசுக்காமல் மூங்கில் கூண்டில் வைத்தால், உள்ளிருக்கும் நன்மை செய்யும் குளவிகள் வெளியேறி வயலுக்குத் திரும்பும்.

அட்டையை மாலையில், இலையின் அடிப்புறம் கட்ட வேண்டும். அந்த நாட்களில் பூச்சிக்கொல்லி கூடாது. இரவு முழுவதும் விளக்கு எரியும் சுவரை ஒட்டிய வயல்களை முதலில் பாருங்கள். இரு அந்துகளும் வெளிச்சத்தை நாடி வருபவை.

வியட்நாமின் மீகாங் டெல்டாவில், முதல் 40 நாட்கள் இலைதின்னும் புழுக்களுக்கு மருந்து தெளிக்க வேண்டாம் என்ற பிரச்சாரம் 1994இல் தொடங்கியது. தெளிப்பு குறைந்தது, விளைச்சல் குறையவில்லை. இளம் பயிர் புது இலை விட்டு இழப்பை ஈடுகட்டிவிடும்.

எனவே தூர்கட்டும் பருவத்தில் 10 சதவீத இலைகள், பூக்கும் பருவத்தில் 5 சதவீத கண்ணாடி இலைகள் பாதிக்கப்படும் வரை இலைச்சுருட்டுப்புழுவுக்கு மருந்து தேவையில்லை. ஒட்டுண்ணி அட்டைக்கு நடவு நாளிலேயே உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் சொல்லி வையுங்கள். புழு ஒளிந்த பிறகு தேடினால், குளவிக்கும் நமக்கும் வேலை கடினம்.