கறுப்புக் கண்கவசமும் வைத்தியரின் பார்வையும்

கம்பிக்குப் பின்னே ஒரு கவசம்

அமெரிக்கக் கால்பந்து என்பது, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுபவனை எதிரணியினர் உடலால் மோதி வீழ்த்துகின்ற, ஆகையால் தலைக்கவசமும் அதன் முகப்பில் கம்பித் தடுப்பும் இன்றி எவரும் களமிறங்கலாகாத ஆட்டம். அக்கம்பிகளினூடே எதிராளியின் விரல் புகுந்து கண்ணைக் குத்தும் அபாயம் இருந்தமையால், மினசோட்டா வைக்கிங்ஸ் அணியின் ஆட்டக்காரர் மார்க் மல்லேனி, காயமுற்று ஆறிவந்த தம் கண்ணைக் காக்கும் பொருட்டு 1984-இல் கண்கவசத் திரையொன்றை அணிந்தார். பாலிகார்பனேட் என்னும் நெகிழியாலான நிறமற்ற திரையே விரலையும் தடுக்கும். சூரியனின் புற ஊதாக் கதிரையும் பெரும்பாலும் தடுத்துவிடும். கறுப்புச் சாயம் அதனினும் மேலாகத் தருவது, கண்கூச்சம் உடையவர்க்குச் சற்று ஆறுதலும், ஏனையோர்க்கு, உள்ளதைச் சொன்னால், ஒரு மிடுக்குமே.

கண்மணி சொல்லும் செய்தி

மோதலில் விழுந்தவன் எழாமற் கிடக்கும்போது, கழுத்தெலும்பு முறிந்திருக்கக்கூடும் என்ற சந்தேகம் உள்ளவரை, தலைக்கவசத்தை உருவிவிட வைத்தியர் துணிவதில்லை. உருவும் வேகத்தில் கழுத்து அசைந்து தண்டுவடத்துக்கு நிரந்தரச் சேதம் விளையலாம். ஆகவே கவசத்தோடு கிடப்பவனின் கண்களையே அவர் முதலில் நாடுகிறார்: விழித்திருக்கிறானா, பார்வை நிலைகொள்கிறதா, கண்மணிகள் இரண்டும் ஒரே அளவினவா, சிறுவிளக்கின் ஒளி பட்டவுடன் சுருங்குகின்றனவா என்று. மண்டையோட்டினுள் இரத்தம் கசிந்து, கண்மணியைச் சுருக்கும் நரம்பு அழுத்தப்படுமாயின், அப்பக்கத்துக் கண்மணி விரிந்து, ஒளிக்கு அசையாது நின்றுவிடும். இவ்வளவு பேசும் கண்ணைக் கறுப்புத் திரை மறைத்து நின்றால், அதைக் கழற்றுவதற்கே அரிய நேரம் கழிவதோடு, அசையாதிருக்க வேண்டிய தலையையும் அசைக்க நேரிடும்.

தேசியக் கால்பந்துச் சங்கமாகிய என்.எஃப்.எல்., 1998-இல் சாயத்திரைகளைத் தடைசெய்ததற்கு முதன்மையான காரணம் இதுவே.

விலக்குப் பெற்றோர்

வைத்தியக் காரணம் காட்டுவோர்க்கு அச்சங்கம் அனுமதி அளிப்பதுண்டு. ஒற்றைத் தலைவலியால் வருந்திய ஆட்டக்காரர் லடேனியன் டாம்லின்சன் கறுப்புத் திரையோடே ஓடினார். அத்தடை வருமுன்னரே, பிள்ளைப் பருவத்தில் முட்கரண்டி குத்தி ஒரு கண் ஒளியைத் தாங்கமாட்டாததாகிவிட்ட ஜிம் மக்மஹோனும் அவ்வாறே ஆடினார். இத்தகையோரின் தேவை மெய்யானது; அதை மறுப்பது கொடுமையே. ஆயினும் கல்லூரி ஆட்டங்களின் விதி, வைத்தியச் சான்றையும் ஏற்காது, நிறமற்ற திரை ஒன்றையே அனுமதிக்கிறது. உயர்நிலைப் பள்ளிகளிலும் சாயமற்ற திரையே விதி.

பெற்றோர் கவனத்திற்கு

நேற்றுவரை வெயிலில் தடையின்றி ஆடிய பிள்ளை, திடீரென்று வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது, கறுப்புத் திரை வேண்டும் என்று கேட்பானாகில், கடைக்குப் போகுமுன் அண்மையில் அவன் தலையில் அடி ஏதும் பட்டதா என்று விசாரிப்பது அவசியம். ஒளி தாங்காமை மூளை அதிர்ச்சியின் அறிகுறிகளுள் ஒன்று. தலைவலி, மயக்கம், குமட்டல், நினைவு தடுமாற்றம் ஆகியன உடன் வரலாம். அத்தகைய சந்தேகம் எழுந்த அன்றே ஆட்டத்தை நிறுத்தி வைத்தியரிடம் காட்டவேண்டும். அவர் இசைவு தரும்வரை, திரை எந்த நிறத்ததாயினும், அவன் களத்துக்குத் திரும்பலாகாது.