சாம்பல் செய்த அச்சு

இத்தாலியில் பாம்பேயி என்றொரு பழைய ஊர் இருக்கிறது. அங்கே வீனஸ் கோயிலின் இடிபாடுகளுக்குப் பக்கத்தில், திறந்த வெளியில், டீடலஸ் என்ற பெரிய வெண்கலச் சிலை நிற்கிறது. அதைச் செய்தவர் போலந்துச் சிற்பி இகோர் மித்தோராய். அவருடைய சிலைகள் பலவற்றில் கை இருக்காது. சிலவற்றில் முகம் பாதிதான் இருக்கும். சிதைந்த ஊருக்குச் சிதைந்த சிலைகள்! 2016-ல் அவருடைய 30 சிலைகளைப் பாம்பேயியின் தெருக்களில் வைத்தார்கள். அதைப் பார்க்க அவர் இல்லை, 2014-லேயே இறந்துவிட்டார்.

ஊர் எப்படிச் சிதைந்தது? கி.பி. 79-ல் வெசூவியஸ் எரிமலை வெடித்தது. முதல் நாள் நுரைக்கற்கள் மழையாகக் கொட்டின. அப்போதே ஓடியவர்கள் பலர் பிழைத்தார்கள். மறுநாள் காலை, கொதிக்கும் வாயுவும் சாம்பலும் கலந்த பெருமேகம் மலையிலிருந்து உருண்டு வந்தது. அதை முந்திக்கொண்டு ஓட யாராலும் முடியாது.

இனிதான் வியப்பு. நுரைக்கல்லுக்குள் புதைந்தவர்களின் எலும்புகள் மட்டுமே கிடைத்தன. மாவு போன்ற சாம்பலோ உடலை இறுக்கமாகச் சுற்றிப் படிந்து கெட்டியானது. உள்ளே உடல் மெல்ல மக்கிப் போக, அதன் வடிவத்திலேயே ஒரு பொந்து மிஞ்சியது. 1863-ல் ஜூசெப்பே ஃபியோரெல்லி என்ற ஆய்வாளர் அந்தப் பொந்துகளில் பாரிஸ் சாந்தைக் கரைத்து ஊற்றினார். அது இறுகியதும் சுற்றியிருந்த சாம்பலை அகற்றினார். ஆடையின் மடிப்புகூடத் தெரிந்தது!

நம் சுவாமிமலைச் சிற்பிகள் மெழுகு உருவத்தின் மேல் வண்டல் மண் பூசிச் சுடுவார்கள். மெழுகு உருகி வெளியேறிய இடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். பாம்பேயியில் மண்ணின் வேலையைச் சாம்பல் செய்திருக்கிறது. ஆனால் மெழுகின் இடத்தில் இருந்தவர்கள் மனிதர்கள். அதனால் அந்தச் சாந்து வார்ப்புகளைச் சிலை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்த வார்ப்புகளுக்குள் எலும்புகள் இன்னும் இருக்கின்றன. தங்க வளையல் அணிந்த ஒருவரையும் அருகிலிருந்த குழந்தையையும் தாயும் பிள்ளையும் என்றே நெடுங்காலம் நம்பினார்கள். எலும்பிலிருந்து டி.என்.ஏ. எடுத்துச் சோதித்தார்கள். 2024-ல் முடிவு வெளியானது: அவர் ஓர் ஆண், அந்தக் குழந்தைக்கு உறவினரே அல்ல!

பாம்பேயியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இன்னும் தோண்டப்படவில்லை. தொல்லியல் படிக்க ஆசையா? உங்களுக்கும் அங்கே வேலை காத்திருக்கிறது.