‘நீங்கள் ஒப்புக்கொண்ட சம்பளம்தானே?’

புறக்கோட்டையிலும் சரி, கல்முனையிலும் காத்தான்குடியிலும் சரி, கடை முதலாளிமார் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. சம்பளம் போதவில்லை என்று ஊழியர் வாய் திறந்தவுடன், "நீங்கள் ஒப்புக்கொண்டுதானே வந்தீர்கள்?" என்று கேட்டால் அவர் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவார். கேள்வியில் நியாயமும் இருக்கிறது, ஓட்டையும் இருக்கிறது. வாசகர்களில் பலர் இக்கேள்வியைக் கேட்கும் இடத்தில் இருப்பவர்கள். அதே வாசகர்களின் மகனோ மருமகனோ இன்னொருவரின் கடையில் இதற்குப் பதில் சொல்ல முடியாமல் நிற்கிறார். எனவே இரு பக்கத்தையும் சேர்த்தே பார்ப்போம்.

ஒருவர் ஏன் குறைந்த சம்பளத்துக்கு ஒப்புக்கொள்கிறார்? முதல் வேலை, அனுபவம் இல்லை. அல்லது உறவினர் ஒருவர் அழைத்துச் சென்று சேர்த்துவிட்டதால் பேரம் பேசக் கூச்சம். சந்தையில் அந்த வேலைக்கு என்ன விலை என்பதும் தெரியாது. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, "இப்போதைக்குச் சேருங்கள், பிறகு பார்த்துச் செய்வோம்" என்ற ஒரு வசனம் இருக்கிறது. அதில் திகதியும் இல்லை, தொகையும் இல்லை. சொன்னவர் அதே வாரத்தில் மறந்துவிடுவார், கேட்டவர் மூன்று வருடங்களுக்கு மறக்கமாட்டார்.

பேசிய பேச்சுப் பேச்சுத்தான். ஆனால் எந்தப் பேச்சு எதற்குப் பேசப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். சென்ற தடவை பேசிய விலைக்கே இந்தத் தடவையும் துணி தாருங்கள் என்று இறக்குமதியாளரிடம் நாம் கேட்பதில்லை. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டபோது, நம்மில் எத்தனை பேர் பழைய விலைச்சீட்டை அப்படியே விட்டுவைத்தோம்? அதே வருடம் செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதமாக இருந்தது. அதாவது ஒரு வருடத்துக்கு முன்னர் 30,000 ரூபாவுக்கு முடிந்த குடும்பச் செலவுக்கு ஏறக்குறைய 51,000 ரூபா தேவைப்பட்டது. பின்னர் பணவீக்கம் குறைந்தது என்பது உண்மை. அதன் பொருள் விலைகள் மேலும் ஏறும் வேகம் தணிந்தது என்பதுதான், பழைய விலைக்குத் திரும்பின என்பதல்ல. ஆகவே 2021இல் ஒப்புக்கொண்ட தொகையை இன்றும் காட்டி ஒருவரின் வாயை அடைப்பது வியாபாரக் கணக்காகாது.

எவ்வளவு மனமொத்து ஒப்புக்கொண்டிருந்தாலும் செல்லாத ஒப்பந்தமும் உண்டு. 2016ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேசியக் குறைந்தபட்ச வேதனச் சட்டம் முதலில் மாதத்துக்கு 10,000 ரூபா என்று நிர்ணயித்தது. 2021இல் அது 12,500 ரூபாவாகவும், 2024இல் 17,500 ரூபாவாகவும் உயர்ந்தது. 2025இல் நிறைவேற்றப்பட்ட திருத்தத்தின்படி அவ்வாண்டு ஏப்ரல் முதல் 27,000 ரூபா, 2026 ஜனவரி முதல் 30,000 ரூபா. நாட்சம்பளம் என்றால் 1,200 ரூபா. இதற்குக் குறைவாகப் பேசிக் கையொப்பம் வாங்கி வைத்திருந்தாலும் அந்தக் கடதாசி முதலாளியைக் காப்பாற்றாது. மேலதிக நேரமும் அப்படித்தான். 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டப்படி நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்பதே வழமையான வேலை நேரம். அதற்கு மேல் நின்றால் ஒன்றரை மடங்குக் கொடுப்பனவு. பெருநாள் காலத்தில் நள்ளிரவு வரை கடையைத் திறந்து வைத்துவிட்டு, கடைசியில் ஒரு சட்டைத்துணியைக் கொடுத்து அனுப்பும் பழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. அது அன்பளிப்பாகலாம், மேலதிக நேரக் கொடுப்பனவாகாது.

பெரும்பாலானவர்களின் பிரச்சினை சட்டத்தின் அடிமட்டத்துக்குக் கீழே இருப்பதல்ல. சட்டப்படி எல்லாம் சரியாக இருக்கும், ஆனால் சந்தை விலையை விடக் குறைவாக இருக்கும். இங்குதான் நிதானம் தேவை.

முதலில், உண்மையிலேயே குறைவா என்று பார்க்க வேண்டும். நண்பர் தேநீர்க் கடையில் சொல்லும் சம்பளத்தில் பாதி பெருமை. அவர் எத்தனை மணிக்குக் கடை பூட்டுகிறார், சேமலாப நிதி கட்டப்படுகிறதா, தங்குமிடம் உண்டா என்றெல்லாம் சேர்த்துப் பார்த்தால்தான் ஒப்பிடலாம். கிழக்கிலிருந்து கொழும்புக்கு வந்து கடை மாடியிலேயே தங்கிச் சாப்பிடும் பிள்ளைகளுக்கு அந்த அறையும் மூன்று வேளைச் சாப்பாடும் சம்பளத்தின் ஒரு பகுதிதான். வெளியே எடுத்தால் என்ன செலவாகும் என்று அவர்கள் நேர்மையாகக் கணக்குப் பார்க்க வேண்டும்.

அடுத்தது சம்பளத்தின் உடைப்பு. இதைப் பலர் கவனிப்பதில்லை. உதாரணமாக, கையில் கிடைப்பதாகச் சொல்லப்படும் 50,000 ரூபாவில் 30,000 ரூபா அடிப்படைச் சம்பளம், மீதி 20,000 ரூபா ‘கொடுப்பனவு’ என்று எழுதி, 30,000 ரூபாவுக்கு மட்டும் ஊழியர் சேமலாப நிதி கட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஊழியரின் 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும் சேர்ந்து மாதம் 6,000 ரூபாதான் போகும். முழுத் தொகைக்கும் கட்டினால் 10,000 ரூபா. முதலாளி கட்டும் 3 வீத நம்பிக்கைப் பொறுப்பு நிதியும் 1,500 ரூபாவுக்குப் பதிலாக 900 ரூபாவாகிவிடும். வாழ்க்கைச் செலவுப் படியும், ஏன் முதலாளி கொடுக்கும் சாப்பாட்டின் பணப் பெறுமதியும்கூடச் சேமலாப நிதிச் சட்டத்தில் சம்பாத்தியமாகக் கணக்கிடப்படும். மேலதிக நேரக் கொடுப்பனவு மட்டும் சேராது. பெயரை மாற்றி எழுதிவிட்டால் தப்பலாம் என்று நினைக்கும் முதலாளிமாருக்கு ஒரு வார்த்தை: பின்னொரு நாள் ஊழியர் முறையிட்டு நிலுவை கணக்கிடப்படும்போது, தாமதத்துக்கேற்ப 50 வீதம் வரை மேலதிகக் கட்டணமும் சேர்ந்து வரும். மிச்சம் பிடித்தது எல்லாம் அதில் போய்விடும்.

சம்பள உயர்வைக் கேட்கும் விதத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். நோன்பின் கடைசிப் பத்தில், கடையில் கால் வைக்க இடமில்லாத நேரத்தில், "கூட்டித் தராவிட்டால் நாளை வரமாட்டேன்" என்று நிற்பவருக்கு உயர்வு கிடைக்கும். பெருநாள் முடிந்ததும் அவருடைய இடத்துக்கு முதலாளி ஆள் தேடத் தொடங்குவார். நானும் கல்லாவில் இருப்பவன்தான், அந்த மனநிலை எனக்குத் தெரியும். விற்பனைக் காலம் முடிந்து கணக்குப் பார்த்த பின்னரோ, மார்ச் மாதக் கணக்கு முடிவை ஒட்டியோ கேட்பதே பொருத்தம். "ஹாஜியார், ஒரு பத்து நிமிசம் தனியாகக் கதைக்க வேண்டும்" என்று முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். மற்ற வேலையாட்கள் முன்னிலையில் கேட்டால் எந்த முதலாளியும் இல்லை என்றுதான் சொல்வார். ஒருவருக்குக் கொடுத்தால் அத்தனை பேருக்கும் கொடுக்க வேண்டி வரும் என்ற பயம் அவருக்கு.

என்ன சொல்லிக் கேட்பது? தங்கையின் கலியாணம், உம்மாவின் மருந்துச் செலவு, வீடு கட்டுவது என்று குடும்பக் கஷ்டத்தை முன்வைப்பதே நம்மவர் வழக்கம். முதலாளி இரக்கமுள்ளவராக இருந்தால் மனம் இளகி முற்பணம் கொடுப்பார், சம்பளத்தைக் கூட்டமாட்டார். கஷ்டம் ஒரு தடவை வருவது, எனவே ஒரு தடவை கொடுத்தால் போதும் என்பது அவர் கணக்கு. அந்த முற்பணம் மாதாமாதம் வெட்டப்படும். வாங்கிய நன்றிக்கடனும் சேர்ந்துகொள்ளும். பிறகு சம்பளத்தைப் பற்றிப் பேச வாயே வராது. கிழக்கில் பெண்பிள்ளைகளுக்கு வீடு கட்டிக் கொடுக்கும் சுமை ஆண்பிள்ளைகளின் தலையில் விழுவதால், பத்து வருடம் ஒரே கடையில் இப்படிக் கட்டுண்டு கிடப்பவர்களைப் பார்க்கலாம். முதலாளியிடம் கெட்ட எண்ணம் இருக்க வேண்டும் என்பதில்லை, நல்ல மனதாலேயே இது நடக்கிறது. கடனைத் தனிக் கொப்பியில் எழுதி இருவரும் ஒப்பமிட்டு வைத்துக்கொண்டு, சம்பளத்தைத் தனியாகப் பேச வேண்டும்.

பேச வேண்டியது வேலையைப் பற்றி. சேரும்போது இறாக்கையில் துணி அடுக்கும் வேலை. இன்று வெளியூர் வியாபாரிகளின் ஓடர் எடுக்கிறார், கடன் வசூலிக்கிறார், திரும்பி வந்த காசோலைகளைத் துரத்துகிறார், கணினியில் இருப்புப் பதிகிறார். இவற்றை ஒரு தாளில் எழுதி, முடிந்த இடங்களில் தொகையும் போட்டுக் கொண்டுபோக வேண்டும். முதலாளி அந்தக் கேள்வியைக் கேட்டால், "ஓம் ஹாஜியார், அன்றைய வேலைக்கு அந்தச் சம்பளம் சரி. இன்றைய வேலைக்கு என்ன சம்பளம் என்று பேசத்தான் வந்தேன்" என்று சொன்னால் போதும். மரியாதையும் குறையாது, விடயமும் நழுவாது. மறுபடியும் "பார்த்துச் செய்வோம்" என்று பதில் வந்தால், "எந்த மாதம் பார்ப்போம்?" என்று கேட்க வேண்டும். பேசிய தொகையை நியமனக் கடிதத்திலோ வேறு கடிதத்திலோ எழுதி வாங்க வேண்டும்.

இனி முதலாளிமாருக்கு. 50,000 ரூபா சம்பளத்தில் இருப்பவருக்கு நிதிகளையும் சேர்த்து நீங்கள் செலவழிப்பது 57,500 ரூபா. 10,000 ரூபா கூட்டினால் மேலதிகச் செலவு மாதம் 11,500 ரூபா. வெளியே அந்த வேலைக்கு 60,000 ரூபாதான் விலை என்றால், இவர் போன பின் வருபவருக்கும் நீங்கள் அதையே கொடுக்க வேண்டும். அதாவது மறுத்ததால் மிச்சமானது ஒன்றுமில்லை. புதியவருக்குச் சரக்கும் தெரியாது, வாடிக்கையாளரும் தெரியாது. எந்த ஊர் வியாபாரி தவணை தவறாமல் கட்டுவார், யார் இழுத்தடிப்பார் என்ற அறிவு பழையவரோடு பக்கத்துக் கடைக்குப் போய்விட்டிருக்கும். இதைவிட மோசமானது, புதியவரைக் கூடிய சம்பளத்துக்கு எடுத்துவிட்டு அவருக்கு வேலை பழக்கும்படி பழையவரிடமே ஒப்படைப்பது. சம்பளம் இரகசியமாக இருக்கும் என்று நம்பாதீர்கள், பகல் சாப்பாட்டுக்கு முன்னரே தெரிந்துவிடும். புதியவரை எடுக்கும் அன்றே பழையவரின் சம்பளத்தையும் திருத்துவதுதான் மலிவு. உண்மையிலேயே கடையால் தாங்க முடியாவிட்டால் கணக்கைக் காட்டிச் சொல்லலாம், விற்பனையில் ஒரு சிறு பங்கைத் தரகாகப் பேசலாம்.

எல்லாம் பேசியும் பலனில்லை என்றால் வேறு இடம் பார்ப்பதில் குற்றமில்லை. ஆனால் வெளியேறுமுன் வருடக் கணக்கைப் பார்க்க வேண்டும். 15 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள நிறுவனத்தில் 5 வருடங்கள் பூர்த்தி செய்தவருக்கு, 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் கிடைக்கும். தானாக விலகினாலும் அது உரியது. நான்கு வருடமும் பத்து மாதமும் ஆன நிலையில் கோபத்தில் எழுந்து போவது, இரண்டரை மாதச் சம்பளத்தை மேசையில் வைத்துவிட்டுப் போவதற்குச் சமம். முன்னறிவித்தல் கொடுத்து, வசூல் பட்டியலையும் கையிருப்புப் பணத்தையும் ஒப்படைத்து, அதற்குக் கையொப்பம் வாங்கிக்கொள்ள வேண்டும். சேமலாப நிதியில் தன் பெயர் அடையாள அட்டையில் உள்ளபடியே பதியப்பட்டிருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்வது நல்லது. ஒரே முஹம்மதை ஒரு கடையில் ஒரு விதமாகவும் அடுத்த கடையில் இன்னொரு விதமாகவும் எழுதிவைக்கிறோம். 55 வயதில் பணம் எடுக்கப் போகும்போது அந்த இருவரும் ஒருவரே என்று நிரூபிக்க அலைய வேண்டியிருக்கும்.