ஒற்றை நாற்றும் திறந்த பாடமும்

காவிரிப் படுகையில் 'ஒற்றை நாற்று நடவு' என்று சொல்லப்படும் முறை மடகாஸ்கர் தீவில் உருவானது. ஹென்றி தெ லொலானியே என்ற பிரெஞ்சுப் பாதிரியார் அங்குள்ள விவசாயிகளோடு வயலில் நின்று, 1980களின் தொடக்கத்தில் அதைத் தொகுத்தார். இரண்டு வாரத்துக்கு மேற்படாத இளம் நாற்று, குத்துக்கு ஒன்றே ஒன்று, சதுரமாக அகலமான இடைவெளி, எப்போதும் தேங்காமல் காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர், களையை மண்ணுக்குள்ளேயே அமுக்கிவிடும் கோனோவீடர் என்று அதன் கூறுகளை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். ஏக்கருக்கு 2, 3 கிலோ விதை போதும். வழக்கமான நடவுக்கு அதைப்போல் பல மடங்கு விதை நாற்றங்காலில் விழும். இந்த முறையில் விற்பதற்கென்று எதுவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இதற்கெனத் தனி விதை கிடையாது, தனி மருந்து கிடையாது, காப்புரிமையும் கிடையாது. லாபம் பார்க்க ஆளில்லாத அறிவை யார் செலவு செய்து ஊர் ஊராகக் கொண்டுபோவார்கள்? அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் பல நாட்டு வயல்களிலிருந்து வந்த குறிப்புகளையும் அளவீடுகளையும் கட்டணமில்லாமல் இணையத்தில் வைத்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2000 முதல் சோதித்துப் பார்த்தது. பிறகு வேளாண்மைத் துறை 'திருந்திய நெல் சாகுபடி' என்றும், தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாண்டை ஒட்டி 'ராஜராஜன் 1000' என்றும் பெயர் சூட்டி அதைப் பரப்பியது.

இப்படி விலையில்லாமல் பரவிய அறிவும் திறந்த கல்விதான். ஆனால் திறந்த கல்வி என்றதும் நாம் வகுப்பறைப் பாடங்களைத்தான் நினைக்கிறோம். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் தன் பாடங்களை இணையத்தில் வைக்கப்போவதாக அறிவித்தது 2001இல். படைப்பைப் பிறர் பகிர அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் வந்தது 2002இல். சென்னை ஐஐடி ஒருங்கிணைக்கும் என்பிடெல் விரிவுரைகளைத் தஞ்சைப் பொறியியல் மாணவர்களும் பார்த்துப் படிக்கிறார்கள். இவையெல்லாம் பெரிய காரியங்கள். ஆனால் எத்தனை பாடம் ஏற்றினோம், எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கோடு நின்றுவிட்டால் பாதிதான் நடந்திருக்கிறது என்பது என் வாதம். வாங்கியவர் அதை மாற்றலாம், மாற்றியதைத் திருப்பிச் சேர்க்கலாம், சேர்த்தது அடுத்தவருக்குப் போய்ச் சேரும் என்றால்தான் அந்தப் பாடம் உண்மையில் திறந்தது.

இதற்கு உதாரணம் தேடி உலகின் மறுகோடிக்குப் போக வேண்டியதில்லை. தஞ்சை மாவட்டக் கதிராமங்கலத்தில் இளம் நாற்றை அப்படியே ஒற்றையாக நட்டபோது, இங்கத்திய வெயிலையும் வறண்ட காற்றையும் அது தாங்கவில்லை. அங்கிருந்த விவசாயி ஒருவர் நடவையே இரண்டு கட்டமாகப் பிரித்து முறையைத் திருத்தினார். அந்தத் திருத்தம் 'கதிராமங்கலம் முறை' என்ற பெயரில் கார்னெலின் தொகுப்பிலும் ஏறியது. மடகாஸ்கரிலிருந்து வந்த பாடம் டெல்டாவில் திருத்தப்பட்டு உலகத்துக்கே திரும்பிப் போயிருக்கிறது. பெரிய ஆராய்ச்சி நிலையம் ஒன்றிலிருந்து இது வந்திருந்தால் நாம் வியக்க மாட்டோம். வயலில் நின்றவர் ஆய்வாளருக்குப் பாடம் தந்தார் என்பதுதான் இதன் அருமை.

ஆனால் இப்படித் திரும்பிப் போனவை மிகச் சில. வெற்றியின் பின்னால் தோல்வியும் நிறைய உண்டு, அது எங்கும் பதிவாகாமல் போகிறது. பம்புசெட் உள்ள குறுவை நிலத்தில் தண்ணீரை மறையவிட்டு மறுபடி கட்டுவது கைக்கு அடங்கும் வேலை. அதே பாடத்தைக் கடைமடைச் சம்பாவுக்குச் சொன்னால் என்ன ஆகும்? ஐப்பசி, கார்த்திகை மழையில் அங்கே பாடு தண்ணீர் கட்டுவதில் இல்லை, வடிப்பதில்தான். விரலளவு நாற்று இரண்டு நாள் மூழ்கினால் அழுகிப்போகும். கனத்த களிமண் சேற்றில் கோனோவீடரைத் தள்ளுவது உடம்பை முறிக்கும் வேலை. எந்த மண்ணில், எந்தப் பட்டத்தில், எந்த மழையில் இந்த முறை கைவிடப்பட்டது என்பது ஊர் ஊராக விவசாயிகளுக்குத் தெரியும். வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் இணையதளம் தமிழிலேயே சாகுபடிக் குறிப்புகளைத் தருகிறது. அதைப் பாராட்டியே ஆக வேண்டும். ஆனாலும் படித்தவர் தன் வயலில் கண்டதை அதே பக்கத்தில் எழுதிச் சேர்க்க வழியில்லை. வாய்க்கால் ஒரு பக்கம்தான் ஓடுகிறது.

யார் வேண்டுமானாலும் சேர்க்கலாம் என்றால் பொய்யும் சேருமே என்பது நியாயமான கேள்வி. யூடியூபில் வேளாண் ஆலோசனை என்ற பெயரில் வருவதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பயம் இல்லாமல் இருக்காது. ஒற்றை நாற்று நடவுக்கே இந்தச் சோதனை வந்தது. மடகாஸ்கரில் எக்டேருக்கு 15 டன்னுக்கும் மேல் விளைந்தது என்ற செய்திகளை 2004இல் சின்கிளேர், காஸ்மன் ஆகிய இரு பயிரியல் அறிஞர்கள் பறக்கும் தட்டுகளோடு ஒப்பிட்டுச் சாடினார்கள். எதிர்த்தரப்பும் அளவீடுகளோடு பதில் எழுதியது. மலைக்க வைத்த அந்த மகசூல் கணக்குகளை இன்று பெரும்பாலோர் நம்புவதில்லை. விதையும் தண்ணீரும் மிச்சமாகும் என்பது மட்டும் தமிழ்நாட்டு வயல்களிலும் நிலைத்திருக்கிறது. தகவல்கள் வெளியே கிடந்ததால்தான் இந்தச் சல்லடை சாத்தியமானது. பூட்டி வைத்த அறிவிலும் பிழை உண்டு, அதைக் கண்டுபிடிக்கத்தான் ஆளிருக்காது.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. நாற்றுப் பறித்து நடுபவர்கள் பெரும்பாலும் பெண்கள், அதுவும் நிலமில்லாத கூலித் தொழிலாளர்கள். எந்த இணையதளமும் அவர்களை வாசகராக நினைத்து எழுதப்படவில்லை. ஒற்றை நாற்றை வேர் மடங்காமல் ஊன்றும் நுணுக்கம் அவர்கள் விரலில் இருக்கிறது. நில உரிமையாளர் செல்பேசியில் படித்துவிட்டு வந்து சொன்னால் அது ஏவல், கல்வி ஆகாது. இந்த மறுப்பை நான் முழுதாக ஏற்கிறேன். அதனாலேயே எழுத்தோடு நிற்காமல், நடவாள்கள் தங்கள் குரலில் சொல்லும் ஒலிப்பதிவும் காட்சிப்பதிவும் பாடத்தின் பகுதியாக வேண்டும், அவர்கள் பெயரோடு, அவர்கள் சம்மதத்தோடு.

திருப்பித் தருவதற்கான விதி டெல்டாவுக்குப் புதிதல்ல. திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் 2006இல் தொடங்கிய நெல் திருவிழாவில், 'நெல்' ஜெயராமன் பாரம்பரிய ரகங்களை 2 கிலோ கொடுத்து, அடுத்த ஆண்டு 4 கிலோ திருப்பித் தரச் சொன்னார். 2018இல் அவர் மறைந்தபோது 174 ரகங்கள் மீட்கப்பட்டிருந்தன. விலை வைத்திருந்தால் வாங்கியவரோடு விதை நின்றிருக்கும். வெறுமனே தானமாகக் கொடுத்திருந்தாலும் அப்படித்தான். 'இதே நிபந்தனையில் பகிர்க' என்னும் திறந்த உரிமத்தின் உள்ளடக்கமும் இந்தக் கடமைக்கு வெகு அருகில்தான் நிற்கிறது. விதையைச் சேமிக்கவும் மாற்றிக்கொள்ளவும் விவசாயிக்குள்ள உரிமையை 2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டம் எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது. பொதுப்பணத்தில் உருவான சாகுபடிக் குறிப்புகளுக்கும் அதே உரிமை வேண்டும். பள்ளிக் கல்விக்கான தேசியத் திறந்தவளக் களஞ்சியத்தை மத்திய அரசு 2013இல் அத்தகைய உரிமத்தோடுதான் தொடங்கியது. வேளாண்மைக்கும் அதைச் செய்யத் தடையென்ன? முதல் அடியை ஆடுதுறையில் எடுத்து வைக்கலாம். நூறாண்டு கடந்த அந்த நெல் ஆராய்ச்சி நிலையம் தன் ரகங்களின் சோதனை விவரங்களைத் திறந்த உரிமத்தில் வெளியிடட்டும். ஒவ்வொரு ரகத்தின் பக்கத்திலும், எந்த ஊரில், எந்தப் பட்டத்தில் அது சாய்ந்தது, மூழ்கியது, பதரானது என்று விவசாயிகள் எழுதவும் பேசிப் பதியவும் ஓர் இடம் ஒதுக்கட்டும்.